மைக்கில் கூப்பிட்டால் ‘கேட்கலை’: மீட்புப் பணியில் துறைகளுக்கிடையே பேச்சு அறுந்தால் எங்கே பார்ப்பது

புயல் கரையைக் கடந்த மறுநாள் காலையில் கட்டுப்பாட்டு அறையில் அதிகம் புழங்கும் சொல் ‘கேட்கலை’. தீயணைப்பு வண்டியைக் கூப்பிட்டேன், கேட்கலை. படகைக் கூப்பிட்டேன், கேட்கலை. இருபது வருடத்துக்கு மேல் வயர்லெஸ் செட்டுகளைப் பழுது பார்த்தும், புரோகிராம் போட்டும், மொட்டை மாடிகளில் ஆண்டெனா கட்டியும் பிழைத்தவன் நான். இந்த ஒரு சொல்லுக்குள் குறைந்தது அரை டஜன் வேறு வேறு பழுதுகள் ஒளிந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். தமிழில் ‘கேட்கலை’ என்றால் காதில் விழவில்லை என்றும் பொருள், யாரும் விசாரிக்கவில்லை என்றும் பொருள். முதல் வகைக்கு என்னைப் போன்றவனைக் கூப்பிட்டால் போதும். இரண்டாவது வகைக்கு ஸ்குரூ டிரைவர் உதவாது.

கட்டுப்பாட்டு அறையில் உட்காருபவர்கள், மைக் பிடிக்கும் காவலர்கள், நிவாரண முகாமைப் பார்க்கும் வருவாய்த் துறையினர், உதவிக்கு வரும் தன்னார்வலர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் தமிழ்நாட்டுக் கடலோர மாவட்டத்தை வைத்து. அங்கே ஒரு புயலுக்கு எத்தனை விதமான வாய்கள் ஒன்றுசேர்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். போலீசுக்குத் தனி வயர்லெஸ். தீயணைப்புக்குத் தனி. 108 வண்டிகள் பெரும்பாலும் கைபேசியை நம்பி ஓடுகின்றன. மின்வாரிய லைன்மேனும் அப்படியே. அரக்கோணத்திலிருந்து வரும் தேசியப் பேரிடர் மீட்புப் படையினர் தங்கள் செட்டைத் தாங்களே கொண்டுவருவார்கள். கடலோரக் காவல்படை கடல் அலைவரிசையில் இருக்கும். மீனவரிடம் இன்னொரு வகை. அவசர உதவி எண்ணாக மாவட்ட ஆட்சியரகத்தில் 1077, சென்னை எழிலகத்தில் இருக்கும் மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்கு 1070. ஒவ்வொன்றும் தனித்தனியாக நன்றாகவே ஓடும். ஒன்று இன்னொன்றோடு பேச வேண்டிய இடத்தில்தான் சிக்கல்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் செட்டைத் திறக்கும் முன் ஒன்றைச் செய்யுங்கள். பேச வேண்டிய இரு செட்டுகளையும் ஒரே கட்டடத்துக்குக் கொண்டுவந்து, ஆளுக்கொரு அறையில் நின்று பேசிப் பாருங்கள். ஒட்டி நின்று பேசினால் ‘வீல்’ என்று கத்தும், அது பழுது இல்லை. அடுத்தடுத்த அறையில் பேச முடிகிறது, ஊரில் பேச முடியவில்லை என்றால் தூரம், உயரம், ரிப்பீட்டர் (வரும் அலையை உயரத்திலிருந்து வாங்கி மறுபடி அனுப்பும் கருவி) இவற்றில் ஒன்று. அடுத்த அறையிலேயே பேச முடியவில்லை என்றால் செட்டுக்குள் போட்டிருக்கும் செட்டிங்கில் கோளாறு. இந்த ஐந்து நிமிடச் சோதனையைச் செய்யாமல் ஆண்டெனாக் கம்பத்தில் ஆள் ஏற்றியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு தடவை ஏறியவனே நான்தான்.

அறிகுறி: கைபேசியில் டவர் காட்டுகிறது, கால் போகவில்லை

கோடு முழுசாகக் காட்டினால் டவர் உயிரோடு இருக்கிறது, ஆனால் எல்லோரும் ஒரே நேரத்தில் அழைப்பதால் இடம் இல்லை என்று பெரும்பாலும் பொருள். கோடே இல்லை என்றால் டவருக்கு மின்சாரம் போய், பேட்டரியும் தீர்ந்து, டீசல் கொண்டுபோக வழியில்லாமல் கிடக்கிறது. 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் இரண்டையும் பார்த்தோம். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யத்துக்கு அருகே கரையேறியபோது டெல்டாவில் சாய்ந்த மின்கம்பங்களே ஒரு லட்சத்தைத் தாண்டின. அப்படியொரு நாளில் டவர் இரண்டாம் நாளும் ஓடும் என்று கணக்குப் போடக் கூடாது.

நெரிசல் என்றால் அழைத்துக்கொண்டே இருக்காதீர்கள், குறுஞ்செய்தி அனுப்புங்கள். அழைப்புக்கு வழி தொடர்ந்து திறந்திருக்க வேண்டும். குறுஞ்செய்திக்கு ஒரு கணம் இடம் கிடைத்தால் போதும், புகுந்துவிடும். டவர் இல்லை என்றால், ஒரு நிறுவனத்தின் சிம் இன்னொரு நிறுவனத்தின் டவரில் வேலை செய்யும் ஏற்பாட்டைப் பேரிடர்க் காலத்தில் அரசு திறந்துவிடுவது உண்டு. கைபேசி தானாக மாறாவிட்டால் அமைப்புகளுக்குள் போய் ‘தானியங்கித் தேர்வு’ என்பதை அணைத்து, பட்டியலில் தெரியும் வேறு நெட்வொர்க்கைக் கையால் தேர்ந்தெடுங்கள்.

சாட்டிலைட் போன் இருக்கிறதே என்பார்கள். இருக்கும், பீரோவுக்குள், சார்ஜ் இல்லாமல். நம் நாட்டில் அனுமதி பெற்றுப் பயன்படுத்துவது பிஎஸ்என்எல் வழியாக வரும் இன்மார்சாட் வகை. அதன் செயற்கைக்கோள் வானத்தில் ஒரே இடத்தில் நிற்பது. ஆண்டெனாவை விரித்து, அந்தத் திசையில் மறைப்பு இல்லாத திறந்தவெளியில் நிற்க வேண்டும். கட்டடத்துக்குள் நின்று காதில் வைத்து “ஹலோ ஹலோ” என்றால் ஒன்றும் வராது. எந்த மாடியில், எந்த மூலையில் நின்றால் எடுக்கிறது என்று நல்ல நாளிலேயே பார்த்துத் தரையில் பெயின்ட் அடித்து வையுங்கள். கேலி செய்வார்கள், செய்யட்டும்.

இவை எதுவும் இல்லாதபோது கைகொடுத்தவர்கள் ஹாம் ரேடியோக்காரர்கள், அதாவது உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காக வயர்லெஸில் பேசுபவர்கள். 2004 சுனாமியின்போது பாரதி பிரசாத்தும் அவருடைய குழுவினரும் வேறு வேலையாக ஏற்கெனவே போர்ட் பிளேரில் செட்டோடு இருந்தார்கள். அந்தமானிலிருந்து செய்தி வெளியே வர அது ஒரு வழியாயிற்று. அவர்கள் அங்கே இருந்தது தற்செயல். உங்கள் மாவட்டத்தில் உரிமம் பெற்ற ஹாம்கள் யார் யார் என்று தெரிந்துவைத்திருப்பதைத் தற்செயலுக்கு விட வேண்டியதில்லை.

அறிகுறி: இருவருமே சேனல் 3-ல் இருக்கிறோம், ஒன்றும் வரவில்லை

சேனல் எண் என்பது செட்டுக்குள் இருக்கும் அலமாரித் தட்டின் எண் மாதிரி. உங்கள் மூன்றாம் தட்டில் அரிசி, அவர் மூன்றாம் தட்டில் பருப்பு. இரண்டு துறைகளின் செட்டில் ‘3’ ஒரே அலைவரிசையாக இருக்க எந்தக் கட்டாயமும் இல்லை.

ஒரு கடலோர ஊரின் பள்ளிக்கூட முகாமில் நடந்ததைச் சொல்கிறேன். பெஞ்சுகளை ஒதுக்கி அரிசி மூட்டை அடுக்கியிருந்தார்கள். மூட்டை மேல் இரண்டு கைச்செட்டுகள். ஒன்று ஒரு துறையுடையது, மற்றொன்று உதவிக்கு வந்த குழுவினுடையது. அலைவரிசை ஒன்றுதான் என்று இருவரும் எழுதியே வைத்திருக்கிறார்கள். ஆனாலும் பேச்சில்லை. ஒருவர் பேசும்போது மற்றவர் செட்டில் பச்சை விளக்கு மட்டும் எரிகிறது, சத்தம் இல்லை. விளக்கு எரிந்தாலே பாதி விடை வந்தாயிற்று: அலை வந்து சேர்கிறது, செட்டுதான் வாயைத் திறக்க மறுக்கிறது. பக்கவாட்டில் இருந்த மானிட்டர் பட்டனை அழுத்தச் சொன்னேன். இரைச்சலோடு சேர்ந்து “ஹலோ, ஹலோ, டெஸ்டிங்” என்று எதிர் அறைக் குரல் கொட்டியது. “என்ன அண்ணே, மந்திரமா?” என்றார் அந்தத் தம்பி.

மந்திரம் இல்லை, டோன். நம் காதுக்குத் தெரியாத மெல்லிய ஒலி ஒன்றைச் செட்டு பேச்சோடு சேர்த்து அனுப்பும். அந்த ஒலி வந்தால் மட்டுமே எதிர்ச் செட்டு ஸ்பீக்கரைத் திறக்கும். வேண்டாத பேச்சு காதில் விழாமல் இருக்கச் செய்த ஏற்பாடு, வேண்டிய பேச்சையும் தடுத்துவிடுகிறது. இரு செட்டிலும் ஒரே டோன் போட வேண்டும், அல்லது எல்லாத் துறைக்கும் பொதுவாக வைத்த பொதுச் சேனலில் மட்டும் வாங்கும் பக்கத்து டோனை எடுத்துவிட வேண்டும். இரண்டாவதுதான் என் விருப்பம். இரைச்சல் கொஞ்சம் கூடும், ஆனால் யார் கூப்பிட்டாலும் விழும்.

மானிட்டரை அழுத்தியும் வரவில்லையா? வரும் சத்தத்தைக் கவனியுங்கள்.

குரல் மிக மெலிதாகவோ, உடைந்து கரகரத்தோ வந்தால் ஒரு செட்டு அகலப்பட்டையிலும் மற்றது குறுகியதிலும் இருக்கிறது, அதாவது 25 கிலோஹெர்ட்ஸ், 12.5 கிலோஹெர்ட்ஸ் தகராறு. அவசரத்துக்கு இப்படியே சமாளிக்கலாம், பிறகு சரிசெய்யுங்கள்.

தேனீக்கூட்டைக் கலைத்த மாதிரி ‘ர்ர்ர்’ என்று மட்டும் வந்தால் எதிராளி டிஜிட்டலில் பேசுகிறார், நீங்கள் பழைய அனலாக்கில் இருக்கிறீர்கள். டிஎம்ஆர், பி25, டெட்ரா என்று டிஜிட்டலிலும் வகைகள் உண்டு, ஒன்றின் பேச்சு மற்றதற்குப் புரியாது. டிஎம்ஆர், பி25 செட்டுகளில் அனலாக்குக்குத் திரும்பும் வசதி பெரும்பாலும் இருக்கும். டெட்ராவில் அதை எதிர்பார்க்காதீர்கள். ஒரே வகை டிஜிட்டலாக இருந்தும் பேச முடியவில்லை என்றால் ஒரு பக்கம் பூட்டுச் சாவி போட்டிருப்பார்கள், அதாவது என்கிரிப்ஷன்.

எதுவுமே வரவில்லை, விளக்கும் எரியவில்லை என்றால் பட்டையே வேறாக இருக்கலாம். ஒன்று விஎச்எஃப், மற்றது அதைவிட உயர்ந்த அலைவரிசையில் ஓடும் யுஎச்எஃப். ஆண்டெனாவைப் பார்த்தே ஊகிக்கலாம்: விஎச்எஃப் செட்டின் குச்சி பொதுவாக நீளம், யுஎச்எஃப்பினுடையது குட்டை. இதற்கு எந்த பட்டனும் மருந்தில்லை. ஒரு செட்டின் பேச்சை மற்றதற்குக் கடத்தும் இணைப்புப் பெட்டி வேண்டும், இல்லாவிட்டால் நான் எப்போதும் சொல்லும் ஏழைகளின் வைத்தியம்: உங்கள் செட்டு ஒன்றை அவர் கையிலும், அவர் செட்டு ஒன்றை உங்கள் கையிலும் கொடுத்துவிடுங்கள். கூடவே சார்ஜரையும். சார்ஜர் இல்லாமல் கொடுத்த செட்டு எட்டு மணி நேரத்தில் பேப்பர் வெயிட்.

இன்னொன்று. அடுத்த துறையின் அலைவரிசை தெரிந்துவிட்டது என்பதற்காக நீங்களாக அதை உங்கள் செட்டில் ஏற்றிக்கொள்ளாதீர்கள். உரிமச் சிக்கல் ஒருபுறம், அவர்கள் வேலையில் தெரியாமல் குறுக்கே விழுவது மறுபுறம். பொதுச் சேனல் எது என்பதற்கு எழுத்துப்பூர்வ ஒப்புதல் மழைக்காலத்துக்கு முன்பே கையில் இருக்க வேண்டும்.

அறிகுறி: அவர் பேசுவது வருகிறது, நான் பேசுவது போகவில்லை

கட்டுப்பாட்டு அறையில் இருப்பது 25 வாட் செட்டு, உயரத்தில் ஆண்டெனா. உங்கள் இடுப்பில் இருப்பது 5 வாட். அவர் கத்துவது உங்களுக்கு விழும், நீங்கள் முனகுவது அவருக்கு விழாது. பெல்ட்டிலிருந்து எடுத்து, ஆண்டெனா செங்குத்தாக நிற்க, முகத்துக்கு முன்னால் பிடித்துப் பேசுங்கள். மாடி ஏறுங்கள். பேட்டரியை மாற்றிப் பாருங்கள், ஏனென்றால் பேட்டரி இறங்கிய செட்டு கேட்பதில் கெட்டிக்காரனாகவும் பேசுவதில் சோப்ளாங்கியாகவும் இருக்கும்.

ரிப்பீட்டர் வழியாகப் பேசும் சேனல் என்றால் இரு கால்களையும் தனித்தனியே சோதிக்க வேண்டும்: செட்டிலிருந்து ரிப்பீட்டருக்கு ஒரு கால், ரிப்பீட்டரிலிருந்து செட்டுக்கு இன்னொரு கால். ஒரு கால் நொண்டினால் மொத்தமும் செத்துவிட்டது என்று முடிவுகட்டக் கூடாது. 2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க்கில் நடந்தது இதுதான். உலக வர்த்தக மையத்தின் உயரமான கோபுரங்களுக்குள் தீயணைப்பு வீரர்களின் கைச்செட்டு எட்ட வேண்டும் என்பதற்காகவே ஒரு ரிப்பீட்டர் வைத்திருந்தார்கள். வடக்குக் கோபுரத்தின் கீழ்த்தளத்தில் அதை இயக்கும் பலகையில் இரண்டு பட்டன்களில் ஒன்று அழுத்தப்படாமல் விடுபட்டது. அதனால் பலகையிலிருந்த ஒலிவாங்கிக் கருவி வேலை செய்யவில்லை. சோதித்துப் பார்த்த அதிகாரிகள் ரிப்பீட்டரே போய்விட்டது என்று நினைத்து வேறு சேனலுக்குப் போனார்கள். கைச்செட்டுகளுக்கு அது வேலை செய்துகொண்டுதான் இருந்தது.

ரிப்பீட்டர் உண்மையிலேயே போய்விட்டால், அது இல்லாமல் செட்டுக்குச் செட்டு பேசும் நேரடிச் சேனலுக்கு மாறுங்கள். எதற்கு மாறுவது, யார் சொல்லி மாறுவது என்பது முன்பே பேசியிருந்தால்தான் இது பலிக்கும். பாதிப் பேர் மாறி, பாதிப் பேர் பழைய சேனலில் கூவிக்கொண்டிருப்பது பழுதைவிட மோசம்.

அறிகுறி: குரல் தெளிவாக வந்தது, ஆனாலும் ஆள் தவறான இடத்துக்குப் போனார்

இந்தப் பழுதுக்கு யாரும் என்னைக் கூப்பிட்டதில்லை. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததில் இதுதான் அதிகம்.

முதலில் நம் மொழியின் குணம் ஒன்று. தமிழில் வினை கடைசியில் வருகிறது, மறுப்பும் கடைசியில்தான் வருகிறது. “வீட்டுக்குள்ள ஆள் யாரும் இல்லை” என்று சொல்லி முடிக்கும் முன் அவசரத்தில் பட்டனை விட்டால் எதிராளிக்கு விழுவது “வீட்டுக்குள்ள ஆள்”. உடனே படகு கிளம்பிவிடும். “அந்தப் பாலத்து வழியா வர வேண்டாம்” என்பது இரைச்சலில் “வர வேண்டும்” ஆகலாம், வித்தியாசம் கடைசி அசையில் மட்டும். முதல் அசைக்கும் இதே கதிதான். பட்டனை அழுத்தியதும் ரிப்பீட்டர் விழித்துக்கொள்ள அரை விநாடி ஆகும், அதற்குள் பேசியது காற்றோடு போச்சு.

அதனால் நான் சொல்லிக்கொடுக்கும் முறை: அழுத்துங்கள், ‘ஒன்று’ என்று மனசுக்குள் எண்ணுங்கள், பேசுங்கள், மறுபடி ‘ஒன்று’ எண்ணி விடுங்கள். மறுப்பை முன்னால் கொண்டுவாருங்கள். “இல்லை. ஆள் இல்லை. வீடு காலி.” “நிறுத்து. பாலத்து வழி வேண்டாம்.” இலக்கண வாத்தியார் முகம் சுளிப்பார், பரவாயில்லை. கேட்டவர் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும். “சரி சார்” என்பது பதில் இல்லை. “பாலம் வேண்டாம், பைபாஸ் வழியா வரேன்” என்பது பதில்.

எண்கள் அடுத்த குழி. தொண்ணூறா தொள்ளாயிரமா, எண்பதா எண்ணூறா, எழுபதா எழுநூறா என்று இரைச்சலில் பிரித்தறிய முடியாது. உணவுப் பொட்டலம் எழுபது கேட்ட முகாமுக்கு எழுநூறு போனால் சிரித்துவிட்டு விடலாம், எழுநூறு கேட்டு எழுபது வந்தால் அப்படி விட முடியாது. இலக்கம் இலக்கமாகச் சொல்லுங்கள்: “ஏழு, பூஜ்ஜியம், பூஜ்ஜியம்.”

இடத்தைச் சொல்வதில் ஒவ்வொரு துறைக்கும் ஒரு பாஷை. வருவாய்த் துறைக்குக் கிராமப் பெயரும் சர்வே எண்ணும். போலீசுக்கு எந்த ஸ்டேஷன் எல்லை என்பது. வெளியூர்ப் படைக்கு ஜிபிஎஸ். ஊர்க்காரருக்கு “கிழக்குத் தெரு, மாரியம்மன் கோயில் பக்கத்துல”. கிழக்குத் தெருவும் மாரியம்மன் கோயிலும் இல்லாத ஊர் எது? ஊர்ப் பெயர், ஒன்றியம், எல்லோருக்கும் தெரிந்த ஓர் அடையாளம், அதிலிருந்து எந்தத் திசையில் எவ்வளவு தூரம். இந்த நான்கும் சேர்ந்தால்தான் இடம்.

ஜிபிஎஸ் வந்ததும் இந்தச் சிக்கல் தீர்ந்தது என்று நினைத்தேன். தீரவில்லை, உடை மாற்றிக்கொண்டு வந்தது. படகுக்காரர் கருவியில் ‘10 பாகை 46.5 நிமிடம்’ என்று காட்டுகிறது. மைக்கில் “பத்து, நாற்பத்தாறு, புள்ளி ஐந்து” என்கிறார். கரையில் இருப்பவர் அதை 10.465 என்று எழுதி வரைபடத்தில் தட்டுகிறார். உண்மையில் 46.5 நிமிடத்தை 60-ஆல் வகுத்தால்தான் தசமம் வரும், அதாவது 10.775. இரண்டுக்கும் இடையே 34 கிலோமீட்டர் போல. நாகைக்கு நேரே தேட வேண்டியதை வேதாரண்யம் பக்கம் தேடுவார்கள். எந்த வடிவில் சொல்வது என்று ஒன்றைத் தீர்மானித்து, எண்ணுக்கு முன் “பாகை”, “நிமிடம்” என்ற சொல்லைக் கட்டாயம் சொல்லச் செய்யுங்கள்.

குறியீட்டு எண்களையும் பொதுச் சேனலில் விட்டுவிடுங்கள். அமெரிக்காவில் போலீஸ் பேசும் ‘10-4’ போன்ற, பத்தில் தொடங்கும் குறியீடுகள் ஊருக்கு ஊர் வேறு பொருள் தந்தன. கத்ரீனா புயலுக்கு அடுத்த ஆண்டான 2006 முதல், பல துறைகள் சேரும் இடத்தில் நேர்மொழியில்தான் பேச வேண்டும் என்று அங்கே விதி கொண்டுவந்தார்கள். நம் ஊரிலும் ஒரு துறையின் சுருக்கச் சொல் இன்னொரு துறைக்குச் சுத்தமாகப் புரியாது. தெரியாததைத் தெரியாது என்று மைக்கில் எல்லோர் முன்னாலும் கேட்கக் கூச்சம் வேறு.

அறிகுறி: எல்லோரையும் ஒரே சேனலில் சேர்த்தாயிற்று, இப்போது யாருக்கும் எதுவும் புரியவில்லை

ஒருங்கிணைப்பு என்றாலே எல்லோரும் ஒரே சேனலில் என்று நினைக்கும் அதிகாரிகள் உண்டு. சந்தைக்கடையில் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள், அதுதான் நடக்கும். ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். மூன்று பேர் சேர்ந்து அழுத்தினால் மூன்றுமே நாசம்.

பொதுச் சேனல் கூப்பிடுவதற்கு மட்டும். அதில் துறைக்கு ஒரே ஓர் ஆள். மற்றவர்கள் தங்கள் துறைச் சேனலில் வேலையைப் பார்க்கட்டும். இரு துறைகள் சேர்ந்து ஒரு வேலை செய்தால், அந்த வேலை முடியும்வரை அவர்களுக்கு ஒரு தனிச் சேனல். பொதுச் சேனலுக்கு ஒரு நடுவர். அவர் பேச அனுமதி கொடுக்கிற வரிசையில்தான் பேச்சு. நடுவராக மூத்த அதிகாரியைப் போடாதீர்கள், நிதானமான குரலும் நல்ல கையெழுத்தும் உள்ளவரைப் போடுங்கள். எந்தச் சேனல் எதற்கு, யார் கையில், என்ன அழைப்புப் பெயர் என்று ஒரே தாளில் எழுதி ஒவ்வொரு வண்டிக்கும் கொடுங்கள். அமெரிக்காவில் இதற்கென்றே 205 என்று எண்ணிட்ட ஒரு படிவம் வைத்திருக்கிறார்கள், ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் புதிதாக நிரப்புவார்கள்.

அறிகுறி: செட்டு எல்லாம் சரி, ஆனால் அந்தத் துறைக்குத் தெரியவே இல்லை

இதுதான் அந்த இரண்டாவது ‘கேட்கலை’.

2017 மே 22, இங்கிலாந்தின் மான்செஸ்டர் அரங்கில் இசை நிகழ்ச்சி முடிந்து கூட்டம் வெளியே வரும்போது குண்டு வெடித்தது. 22 பேர் இறந்தார்கள். போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் மூன்றிடமும் ஒரே வகை டிஜிட்டல் ரேடியோ. நாம் கனவு காணும் ஏற்பாடு. மூன்று துறைக்கும் பொதுவான சேனலில் பேசிக்கொள்ள வசதி இருந்தும் அன்று அது பயன்படவில்லை. துப்பாக்கிக்காரன் உள்ளே இருக்கலாம் என்று போலீசின் பணி அதிகாரி அதற்கான அவசரத் திட்டத்தை அறிவித்தார், மற்ற இரு துறைகளுக்கும் அதைச் சொல்லவில்லை. அவருடைய தொலைபேசி இணைப்போ ஓயாமல் பிஸி. தீயணைப்பு வண்டிகள் சில மைல் தள்ளி வேறொரு நிலையத்தில் கூடிக் காத்து நின்றன. சம்பவ இடத்துக்கு முதல் வண்டி வந்தபோது இரண்டு மணி நேரம் கடந்திருந்தது. ரேடியோவைப் பழுது பார்க்க அங்கே ஒன்றுமே இல்லை.

நியூயார்க்கிலும் இதே நிழல். மேலே பறந்த போலீஸ் ஹெலிகாப்டரிலிருந்து கோபுரம் விழக்கூடும் என்ற எச்சரிக்கை போலீஸ் சேனலில் போனது. கீழே நின்ற தீயணைப்புத் தலைமைக்கு அது வந்துசேரவில்லை. அன்று உயிரிழந்த தீயணைப்பு வீரர்கள் 343 பேர்.

இதைச் சோதிக்க மீட்டர் கிடையாது. கேள்விகள் உண்டு. பணியில் இருக்கும் அதிகாரியிடம் கேளுங்கள்: “தீயணைப்பு இப்போ எங்க நிக்குது? கடைசியா அவங்களோட எப்ப பேசினீங்க?” இரண்டு கேள்விக்கும் உடனே பதில் வராவிட்டால் பழுது உறுதி. அவர் ஒரே ஆள்தான் எல்லாத் தகவலும் கடந்துபோகும் வாசல் என்றால் பழுது வரப்போகிறது.

சரிசெய்யும் வழி மலிவானது. ஒவ்வொரு துறையிலிருந்தும் ஓர் ஆளை, தன் துறைச் செட்டோடு, ஒரே மேஜையில் உட்கார வையுங்கள். செட்டும் செட்டும் பேசாவிட்டாலும் ஆளும் ஆளும் பேசுவார்கள். கோடி ரூபாய் இணைப்புப் பெட்டியைவிட நான்கு பிளாஸ்டிக் நாற்காலி நன்றாக வேலை செய்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அனுப்பப்படும் ஆள் முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவராக இருக்க வேண்டும். எதைக் கேட்டாலும் “ஐயாகிட்ட கேட்டுச் சொல்றேன்” என்பவரை அனுப்பினால் நாற்காலிதான் நிரம்பும்.

முதலில் போய்ச் சேர்ந்த துறை, தனக்கு மட்டும் இல்லாமல் எல்லோருக்கும் சேர்த்து ஒரு தகவல் அனுப்ப வேண்டும். ஆறு விஷயம் போதும்: என்ன நடந்தது, சரியாக எங்கே, எந்த வழியாக வரலாம், என்ன ஆபத்து, எத்தனை பேர் சிக்கியிருக்கிறார்கள், யார் வந்திருக்கிறார்கள், இன்னும் யார் வேண்டும். ஆறு என்று சொல்லி ஏழு எழுதிவிட்டேன், இருக்கட்டும், ஏழாவதுதான் அடிக்கடி மறந்துபோவது.

அறிகுறி: கரையிலிருந்து படகுக்குப் போகவில்லை

2017 நவம்பர் 30 ஒக்கி புயல் கன்னியாகுமரியைத் தாக்கியபோது ஆழ்கடலில் இருந்தவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை என்ற வேதனை இன்னும் ஆறவில்லை. அதில் பௌதிகக் கணக்கு ஒன்று இருக்கிறது. விஎச்எஃப் அலை கிட்டத்தட்ட நேர்கோட்டில் போகும், பூமியின் வளைவைத் தாண்டாது. ஆண்டெனா உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.1-ஆல் பெருக்கினால் அது எட்டும் கிலோமீட்டர். கரையில் 30 மீட்டர் கம்பம்: சுமார் 22. படகில் 4 மீட்டர்: சுமார் 8. இரண்டையும் கூட்டினால் 30 கிலோமீட்டர், அதாவது 16, 17 கடல் மைல். ஐம்பது கடல் மைலில் தங்கித் தொழில் செய்யும் விசைப்படகுக்கு நீங்கள் எத்தனை வாட்டில் கத்தினாலும் விழாது. வாட்டைக் கூட்டாதீர்கள், உயரத்தைக் கூட்டுங்கள். அல்லது இடையில் நிற்கும் படகு வழியாகச் செய்தியைக் கடத்துங்கள். படகுக்கும் படகுக்கும் 16 கிலோமீட்டர் வரை போகும்.

தூரம் போதுமானதாக இருந்தும் விழவில்லை என்றால் கடல் சேனல் 16-ல், 156.8 மெகாஹெர்ட்ஸில், படகு காது வைத்திருக்கிறதா என்று பாருங்கள். உலகம் முழுக்க அபாய அழைப்புக்கு அதுதான். பேச்சுத் துணைக்காக வேறு சேனலில் கிடப்பார்கள், கடலோரக் காவல்படை 16-ல் கூப்பிட்டுக்கொண்டிருக்கும். இஸ்ரோவின் அபாய எச்சரிக்கைக் கருவி, செயற்கைக்கோள் வழிச் செய்தி காட்டும் கருவி போன்றவை இருந்தால் கரை விட்டுக் கிளம்பும் முன் ஆன் செய்து பாருங்கள். கரையில் இருப்பவர்கள் 1554 கடலோரக் காவல்படை, 1093 கடலோரப் பாதுகாப்புக் குழுமம் என்று குழம்பாமல் தனித்தனியே எழுதி ஒட்டுங்கள்.

அறிகுறி: இணைப்புப் பெட்டி போட்ட பிறகு சேனல் தானாகப் பேசுகிறது, நிற்க மாட்டேன் என்கிறது

ஒரே இரு சேனல்களை இரண்டு இடத்தில் இரண்டு பேர் இணைத்துவிட்டார்கள். சத்தம் ஒன்றிலிருந்து மற்றதற்குப் பந்தாடுகிறது. ஒன்றைக் கழற்றுங்கள். இணைக்கும் உரிமை ஒரே ஆளுக்கு, இணைத்த நேரமும் பிரித்த நேரமும் நோட்டில். வேலை முடிந்ததும் பிரிக்க மறந்தால் ஒரு துறையின் அந்தரங்கப் பேச்சு இன்னொரு துறைக்கு இரவெல்லாம் ஒலிபரப்பாகும். ஒரு தடவை அப்படி ஆகி, அடுத்த மாதம் முழுக்க இரு தரப்பும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அறிகுறி: பட்டியலில் இருக்கும் எண்ணில் வேறு யாரோ எடுக்கிறார்

அவசரத் தொடர்புப் பட்டியலை அழகாக லேமினேட் செய்து சுவரில் மாட்டியிருப்பார்கள். லேமினேட் செய்வதில்தான் தப்பே, திருத்த முடியாது. சாதா அட்டையில் பென்சிலால் எழுதுங்கள். ஆள் பெயரில் வேண்டாம், பதவி எண்ணாக இருக்கட்டும். அக்டோபர் பிறந்ததும், வடகிழக்குப் பருவமழைக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு பதினொரு மணிக்கு ஒவ்வொரு எண்ணையும் அழைத்துப் பாருங்கள். பகலில் அழைத்தால் எல்லோரும் எடுப்பார்கள், அதில் சோதனை இல்லை. ஓர் ஆண்டு நான் அப்படி அழைத்தபோது மூன்றாவது எண்ணில் எடுத்த பெரியவர் ரிட்டையர் ஆகி நாலு வருடம் ஆகிறதாம். “புயல் வருதா தம்பி? நான் என்ன செய்யணும் சொல்லு” என்றார். புதிய எண் அவரிடம் இருந்தது. வாங்கி எழுதிக்கொண்டேன்.